ஒற்றையாள் மலைக்குப் பெயர் வந்த விதம்

நகராட்சிக் கூடத்தில் ஆறு மின்விசிறிகள் இருந்தன. இரண்டுதான் ஓடின. அவற்றுக்கு அடியில் கிடந்த நாற்காலிகளை முதலில் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சிமெண்ட் ஆலையில் காலை ஷிப்ட் முடிந்து, குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு கொடிக்காரர் வந்து சேர்ந்தபோது கதவோரத்து பெஞ்சுதான் மிச்சம். அதன் நுனியில் உட்கார்ந்தார். காது மடிப்பில் சிமெண்ட் தூசி அப்படியே இருந்தது.

அவருக்கு வயது அறுபத்தொன்று. ஆலையின் எடைமேடையில் லாரி எண்களை எழுதுவது ஓய்வுக்குப் பிறகு தேடிப் பிடித்த வேலை. அதற்கு முன் நில அளவைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் கொடிக்காரர். மலையுச்சியில் கொடியை நட்டு, பக்கத்தில் தானும் ஒரு கம்பாக நிற்கிற உத்தியோகம். வேலை போயும் பெயர் போகவில்லை.

டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் வந்தார். நாட்டிலுள்ள மலைகளுக்கெல்லாம் பெயர் எப்படி வந்தது, அதற்கு என்ன பொருள் என்று துறை ஒரு புத்தகம் போடுகிறது. ஊருக்குப் பின்னால் நிற்கும் ஒற்றையாள் மலைத்தொடரைப் பற்றித் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். நோட்டீஸை அவர் மூன்று தடவை படித்தார். டீ ஆறிப்போனது.

மேடையில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் துறையிலிருந்து வந்த அம்மா, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பெயரம்மா’. கூட வந்த டிரைவர் அதை வந்த பத்தாவது நிமிடத்தில் கூடம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

முதலில் லாட்ஜ்காரர் எழுந்தார்.

“நம்ம மலையில ஒரு துறவி இருந்தாருங்க. நூத்தி இருபது வருஷம் ஒத்தைக் கால்ல நின்னாரு.”

“ஒத்தைக் கால்லயா, ஒத்தை ஆளாவா?” என்றார் பெயரம்மா, எழுதிக்கொண்டே.

“ரெண்டும்தாங்க.”

“எந்த இடத்துல?”

“என் லாட்ஜ் மொட்டை மாடியில இருந்து பார்த்தா நல்லாத் தெரியும்.”

கூடம் சிரித்தது. அடுத்து ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் நாற்பது பக்கக் கட்டோடு மேடை ஏறினார். கணவாயில் ஒரே ஒரு வீரன் நின்று எதிரிப் படையைத் தடுத்தானாம். அந்த வீரன் பெயரால்தான் மலையாம்.

“படையில எத்தனை பேர்?”

“பத்தாயிரம்.”

பின்வரிசையிலிருந்து ஒரு லாரி டிரைவர் குரல் கொடுத்தான். “சார், போன வாரம் டீக்கடையில அஞ்சாயிரம்னு சொன்னீங்க.”

“ஆராய்ச்சின்னா வளரத்தாண்டா செய்யும். உன் வயித்த மாதிரி.”

இன்னும் மூன்று பேர் பேசினார்கள். மேலே ஒரே ஒரு மரம் இருந்ததாக ஒருவர். பாதையில் ஒரு ஆள்தான் நடக்க முடியும் என்பதால் வந்த பெயர் என்று இன்னொருவர். மூன்றாமவர் பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுத்தார். பெயரம்மா அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

“வேற யாராவது?”

கொடிக்காரர் எழுந்தார். முப்பத்துநாலு வருடமாக யாரிடமும் சொல்லாத வாக்கியம், நாக்கில் துருப்பிடித்துக் கிடந்தது.

“அது நான்தாங்க.”

“எது நீங்க?”

“ஒத்தையாள்.”

லாரி டிரைவர், “அடேய், மலையே எந்திரிச்சு வந்துடுச்சுடா!” என்றான். கூடம் வெடித்தது. வாத்தியார்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். கொடிக்காரர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி எழ மாட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

பெயரம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தார். “நீங்க இருங்க. எல்லாரும் போனப்புறம் பேசலாம்.”

பக்கத்து அறையில் உடைந்த வாக்குப்பெட்டிகளுக்கு நடுவே இரண்டு ஸ்டூல்கள். பெயரம்மா ஒரு பழைய பதிவேட்டைத் துணிப்பையிலிருந்து எடுத்து மடியில் விரித்தார்.

“வாத்தியார்கிட்ட நான் ஒண்ணும் சொல்லலை, பாவம். ஆனா இந்தப் பேர் முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னாடி எந்த மேப்லயும் கிடையாது. இந்தப் பதிவேட்டுலதான் முதல்ல வருது. பேர் சொன்னவர்னு இருக்கிற இடத்துல ‘முகாம் எழுத்தர்’னு மட்டும் இருக்கு. காரணம்னு இருக்கிற இடத்துல, ‘ஒருவன் தனியே நின்றதால்.’ எந்த ஒருவன்னு எழுதலை. இப்ப சொல்லுங்க.”

அவர் சொன்னார்.

மலைகளை அப்போது அளந்தது இப்படி. ஒரு உச்சியில் கருவியோடு அதிகாரி இருப்பார். சுற்றிலும் நாலைந்து உச்சிகளில் ஆளுக்கொரு கொடிக்காரன், கையில் வட்டக் கண்ணாடியோடு. சூரியனைக் கண்ணாடியில் பிடித்து அதிகாரி பக்கம் அடிக்க வேண்டும். அறுபது கிலோமீட்டர் தள்ளியும் அது பகல் நட்சத்திரமாகத் தெரியும். சூரியன் நகர நகரக் கண்ணாடியையும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அளந்து முடித்ததும் அங்கேயிருந்து மூன்று முறை ஒளி வரும். கொடிக்காரன் பதிலுக்கு மூன்று முறை காட்டிவிட்டு இறங்கலாம். இறங்கினால் முகாமுக்குப் போவதில்லை. நேராக அடுத்த உச்சிக்கு நடக்க வேண்டும், ஏழெட்டு நாள் நடை. மூன்று ஒளி வராமல் இறங்கியவனுக்கு அன்றோடு வேலை சரி. அப்படி ஒருவன் இறங்கியதில் ஒரு மாத அளவை வீணாகி, கூட இருந்தவர்களே அவனை அடித்துத் துரத்தியதைக் கொடிக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அந்த மாதம் ஆறாம் தேதி, அளந்து முடிகிற நேரத்தில், அவருடைய உச்சியை மேகம் மூடியது. தன் கையே தெரியாத மேகம். அதிகாரி பக்கத்திலிருந்து மூன்று ஒளி அடித்தார்கள். மேகத்துக்குள் அது வரவில்லை. ஆனால் அவர்களுக்குப் பதில் வந்தது. அதே திசையில், கொஞ்சம் கீழே, மூன்று மின்னல். உச்சிக்கு அடியில் கல்குவாரிச் சாலை ஒன்று வளைந்து போகிறது. மூன்று கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வளைவில் திரும்பியிருக்கின்றன, முன்கண்ணாடியில் வெயில் பட்டிருக்கிறது. அவ்வளவுதான். ‘ஆறாம் தேதி விடுவிக்கப்பட்டார்’ என்று எழுதிவிட்டு முகாமே மூட்டை கட்டிப் போய்விட்டது.

“நீங்க?”

“நின்னேன்.”

“எத்தனை நாள்?”

“பத்தொன்பது. இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும்.”

பத்து நாள் சாமான்தான் அவரிடம் இருந்தது. அதில் ஆறாம் தேதியே பாதி தீர்ந்திருந்தது. அரிசியைப் பிடியால் அளந்தார், பிறகு விரல் நுனியால். தார்ப்பாயில் பனி வடிந்ததைப் பிழிந்து குடித்தார். மேகம் விலகிய நாட்களில் விடிந்ததிலிருந்து வெயில் சாயும் வரை கண்ணாடியை அடித்துக்கொண்டே இருந்தார், யாருமில்லாத ஒரு உச்சியைப் பார்த்து. எட்டாம் நாள் சத்தம் போட்டுப் பேச ஆரம்பித்தார். பதினோராம் நாள் பேச்சு தீர்ந்துவிட்டது. பசிகூடப் பழகிவிட்டது. எதிரே இருக்கிற மலை பதில் சொல்லும், இதோ இப்போது சொல்லும் என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததுதான் பழகவில்லை.

“யாரு வந்து இறக்கினா?”

“எழுத்தர். அடுத்த முகாம்ல இருந்து ஒளி அடிச்சப்போ, நான் போயிருக்க வேண்டிய உச்சியில இருந்து பதில் வரலை. அவருக்கு ஏதோ தட்டியிருக்கு. அவரே ஏறி வந்தாரு.”

பெயரம்மா இன்னொரு புத்தகத்தை எடுத்தார். முகாம் பதிவேடு. விரலை ஒரு வரியில் வைத்தார்.

“ஆறாம் தேதி விடுவிக்கப்பட்டார்னு இருக்கு. கீழே கையெழுத்து. இது உங்களுதா?”

“ஆமாங்க.”

“பொய்க் கையெழுத்தா?”

“கையெழுத்து நிஜம். தேதிதான் பொய்.”

பெயரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கொடிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு மீதியையும் சொன்னார். அதிகாரிக்கு வேலை போய்விடும், முகாமே கலைந்துவிடும், ஒரு கையெழுத்துப் போடு, தினக்கூலியாக இருக்கிற உன்னை நிரந்தரமாக்குகிறோம் என்றார்கள். போட்டார். நிரந்தரமாக்கினார்கள். போடும்போது அவருக்கு வீட்டுச் செய்தி தெரியாது.

அவர் மலைமேல் நின்ற நாட்களில் அவர் மனைவிக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. மனைவியின் தங்கை முகாமுக்குத் தந்தி அடித்தாள். பதில் வந்தது: கொடிக்காரர் ஆறாம் தேதியே விடுவிக்கப்பட்டார். பதினேழாம் தேதி மனைவி இறந்தாள். கொடிக்காரர் வீட்டு வாசலை மிதித்தபோது மாதம் மாறியிருந்தது. மச்சினி அந்தத் தந்தியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “பதினோரு நாள் எங்கே கிடந்தீங்க? யார் வீட்டுல?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். மலைமேலே என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னதை யார் நம்புவார்கள்? அவர் கையெழுத்தே அவருக்கு எதிராக நின்றது.

ஐந்து வயது மகள் சித்தியிடமே வளர்ந்தாள். பத்து வயதில் ஒருநாள், சித்தி சொல்லி, அந்தத் தந்தியை அவர் முன்னால் எழுத்துக்கூட்டி வாசித்தாள். “வி-டு-விக்-கப்-பட்-டார்.” அந்தக் குரல் இன்னும் அவர் காதில் இருக்கிறது.

“உங்களுக்கு இப்ப என்ன வேணும்?” என்றார் பெயரம்மா. “மலைக்கு உங்க பேரை வைக்க முடியாது.”

“பேர் வேண்டாங்க. அந்தப் புத்தகத்துல, ஒருத்தன் பத்தொன்பது நாள் மேலேயே இருந்தான்னு மட்டும் போடுங்க. அச்சுல வந்தா எம்பொண்ணு நம்பும்.”

“நீங்க சொன்னது மட்டும் போதாது. பதிவேடு ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. சாட்சி வேணும். பதினஞ்சு நாள் தரேன். இல்லைன்னா வாத்தியாரோட வீரன்தான் உள்ள போவான். அவர்கிட்ட நாற்பது பக்கம் இருக்கு.”

முகாமில் இருந்தவர்களில் அதிகாரி செத்துப்போனார். சமையல்காரர் செத்துப்போனார். எழுத்தர் மட்டும் இருந்தார், இரண்டு பேருந்து மாறிப் போகிற ஊரில், மகன் வீட்டில்.

அந்த வீட்டில் எழுத்தருக்குக் கொடுத்திருந்த இடம் பின்பக்கத்து நடை. அதைத் தகரத்தால் அடைத்து அறையாக்கியிருந்தார்கள். கட்டிலுக்குத் தலைமாட்டில் சலவை இயந்திரம். எழுத்தர் அதன்மேல் மாத்திரைகள், பல்செட் டம்ளர், சீட்டுக்கட்டு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியிருந்தார். மருமகள் துணி போட வரும்போதெல்லாம் அவர் சம்பத்துகளைக் கட்டிலுக்கு மாற்ற வேண்டும்.

“டேய் கொடி! இன்னும் இருக்கியாடா?”

“இருக்கேண்ணே.”

“காத்துல பறந்துட்டியோன்னு நெனச்சேன். உட்காரு. அந்த ஸ்டூல் வேண்டாம், அது ஆடும். என் காலடியில உட்காரு, என் கால் எங்கேயும் போகாது.”

எழுத்தருக்கு எண்பது தாண்டியிருந்தது. கால்கள் போர்வைக்கடியில் இரண்டு குச்சிகளாகக் கிடந்தன. வாய் மட்டும் பழைய வாய். கொடிக்காரர் வந்த காரியத்தைச் சொன்னார். பெயரம்மா கொடுத்த சாட்சிப் படிவத்தை நீட்டினார். எழுத்தர் அதை வாங்கி, கையை முழுக்க நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தார்.

“பேர் வெச்சது நான்தான்னு எவன் சொன்னான்?”

“பதிவேட்டுல முகாம் எழுத்தர்னு இருக்கு.”

“ம்.” அவர் படிவத்தை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். “அந்த மலைத்தொடருக்கு மொத்தமா பேரே கிடையாதுடா. இந்தப் பக்கத்து ஊர்க்காரன் அவன் வீட்டுக்கு நேரா இருக்கிற மலைக்கு ஒரு பேர் வெச்சிருந்தான், அந்தப் பக்கத்துக்காரன் அவனுக்கு நேரா இருக்கிறதுக்கு. மொத்தத்தையும் பார்க்கிறதுக்கு எவனுக்கு நேரம்? நமக்குத்தான். பேர்ப் பத்தியைக் காலியா விட்டா தலைமை ஆபீஸ் திருப்பி அனுப்பிடுவான். அதிகாரி, ஏதாவது எழுதும்யான்னுட்டுப் படுத்துட்டாரு. நான் விளக்கைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அன்னிக்குத்தான் உன்னை இறக்கிக் கூட்டியாந்திருந்தேன். நீ அந்த மூலையில, கஞ்சி குடிச்சிட்டு, கண்ணாடியைக் கையில இருந்து விட மாட்டேன்னு படுத்திருந்தே. பிடுங்கப் பார்த்தோம், முடியலை.”

“அது எனக்கு ஞாபகமில்லைண்ணே.”

“உனக்கு எப்படி இருக்கும்? எனக்கு இருக்கு. காலையில நான்தான் அந்தத் தேதியில உன்கிட்டக் கையெழுத்து வாங்கணும். வேற யார் வாங்குவா, எழுத்தன்தானே. உன் பேரைப் போட்டா அதிகாரி கோடு போட்டு அடிச்சிடுவாரு. அதான் ஆளைப் போட்டேன். ஒரு மலை போதாதுன்னு தொடர் முழுக்கப் போட்டேன். மேப்ல பார்த்திருக்கியா? நூத்தி இருபது கிலோமீட்டருக்கு எழுத்தை இழுத்து விட்டிருக்கானுங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவுல ரெண்டு ஊர் இருக்கு.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது. உள்ளேயிருந்து மருமகள், “மாமா, தண்ணியா?” என்று குரல் கொடுத்தாள். “வேண்டாம்மா, பழைய பாவம், தண்ணியில போகாது” என்றார் எழுத்தர்.

பிறகு பேனா கேட்டார். சீட்டுக்கட்டை அடியில் வைத்து, மூன்று பக்கம் எழுதினார். கையெழுத்து இன்னும் முத்து முத்தாக இருந்தது. லாரிகள், வளைவு, தேதி, கையெழுத்து வாங்கியது, எதையும் விடவில்லை. தன்னைக் குற்றவாளி என்று எழுதும்போதுகூட ஓரம் விட்டு, பத்தி பிரித்து எழுதினார்.

“இதுக்காகவா இத்தனை வருஷம் என்கிட்ட வராம இருந்தே? அதிகாரி போயே இருபது வருஷமாச்சே. அடுத்த நாளே எழுதிக் கொடுத்திருப்பேனே.”

கொடிக்காரர் மூன்று பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“யாருக்குக் காட்டப் போறே?”

“பொண்ணுக்கு.”

“கேட்டாளா?”

“கேட்கலை.”

எழுத்தர் பேனாவை மூடினார். “கேட்காத கேள்விக்குப் பதில் எழுதி வாங்கிக்கிட்டுப் போறே. சரி, போ. உன் இஷ்டம்.”

புத்தகம் வர எட்டு மாதமானது. துறையிலிருந்து ஒரு பிரதி அஞ்சலில் வந்தது. எடைமேடைக் கூண்டுக்குள் நின்றபடியே கொடிக்காரர் உறையைக் கிழித்தார். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இருநூற்றுப் பதினான்காம் பக்கம்.

‘ஒற்றையாள் மலைத்தொடர். பொருள்: தனியாக நின்ற மனிதனின் மலை. அளவைப் பணியின்போது உச்சிக் கொடிக்காரர் ஒருவர், பணி முடிந்த செய்தி கிடைக்காமல், பத்தொன்பது நாள் தனியே நின்றதால் வந்த பெயர். அவர் விடுவிக்கப்பட்ட தேதி முகாம் பதிவேட்டில் தவறாக எழுதப்பட்டுள்ளது என்பதற்கு அதை எழுதியவரே சாட்சி. துறவி, போர்வீரன் ஆகியோரைப் பற்றிய கதைகளும் வழங்குகின்றன.’

“என்ன பெரிசு, லாட்டரியா?” என்றான் லாரி டிரைவர், கூண்டுக்குள் எட்டிப் பார்த்து. நகராட்சிக் கூடத்தில் மலை எழுந்து வந்துவிட்டது என்று கத்திய அதே ஆள். கொடிக்காரர் பக்கத்தைக் காட்டினார். அவன் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தான். படித்துவிட்டு எடைச்சீட்டை வாங்கிக்கொண்டு போனான். வண்டியை நகர்த்தும்போது ஹாரன் அடிக்கவில்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு மகளைப் பார்க்கக் கிளம்பினார்.

மகள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். கட்டடத்தின் அடித்தளத்தில், சவக்கிடங்கைத் தாண்டி இருந்தது அது. கதவைத் திறந்ததும் நீராவி முகத்தில் அடித்தது. ஒரு ஆள் உயரத்துக்கு ஆறு சலவை இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. தள்ளுவண்டிகளில் வார்டு எண் அச்சடித்த படுக்கை விரிப்புகள் மலை மலையாக வந்து இறங்கின. சூடான இஸ்திரி உருளைக்குள் ஒரு பக்கம் ஈரமாகப் போன விரிப்பு மறுபக்கம் பலகையாக வந்தது. அதைப் பிடித்து இரண்டிரண்டு பெண்கள் மடித்தார்கள். பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். அதனால் அங்கே எல்லோரும் கத்தினார்கள், சிரிப்பும் கத்தலாகவே இருந்தது.

மகளுக்கு முப்பத்தொன்பது வயது. நெற்றியோரத்தில் நரை. அம்மாவுக்கு அந்த வயதே வரவில்லை.

“வாங்கப்பா. என்ன திடீர்னு? உடம்புக்கு ஏதாவதா?”

“அதெல்லாம் இல்லம்மா.”

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

அவளோடு மடித்துக்கொண்டிருந்த பெண் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். உருளை தானாக நிற்காது. விரிப்பு வந்துகொண்டே இருந்தது. மகள் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறுநுனிக்குத் திரும்பிப் பார்த்தாள். கொடிக்காரர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதைப் பிடித்தார். துணி கையைச் சுட்டது. இழுத்து, மடித்து, இருவரும் நடுவே வந்து, நுனிகளை அவள் கையில் கொடுத்து, மறுபடி விலகினார்கள். அப்படி நாலு விரிப்பு மடித்தார்கள்.

“என்ன புத்தகம்?”

அவர் பக்கத்தை மடித்து வைத்திருந்தார். அவள் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். உருளையை நிறுத்தச் சொல்லி யாருக்கோ சைகை காட்டினாள். நின்றபடியே, உதடு அசைய வாசித்தாள். பத்து வயதில் வாசித்தது போலவே எழுத்துக்கு எழுத்து. கொடிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது நீங்களா?”

“ஆமா.”

“பத்தொன்பது நாளா?”

“ஆமாம்மா.”

“தண்ணி?”

“பனி வடியும். தார்ப்பாயில இருந்து புழிஞ்சு குடிச்சேன்.”

அவள் இன்னொரு தடவை படித்தாள். “எழுதியவரே சாட்சி” என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

“நம்புறேன்பா” என்றாள்.

முப்பத்துநாலு வருடம் காத்திருந்த சொல் அது. வந்துவிட்டது. கொடிக்காரர் தள்ளுவண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அழுகை வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. அடுத்து அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார்.

“அந்தத் தந்தியை சித்தி போனப்பவே கிழிச்சுப் போட்டுட்டேன்” என்றாள் மகள். “அதையா இவ்வளவு நாள் மனசுல வெச்சிருந்தீங்க?”

“அதனாலதானே உனக்கு என்மேல...”

“இல்லப்பா.” குரலை உயர்த்தவில்லை. இயந்திரச் சத்தத்தில் அவள் உதட்டைப் பார்த்துத்தான் அவர் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. “அம்மா செத்ததே எனக்குச் சரியா ஞாபகமில்லை. யாரோ என்னைத் தூக்கி வெச்சிருந்தாங்க, அவ்வளவுதான். பத்தொன்பது நாள் மேல இருந்தீங்க, சரி. இறங்க விடலை, சரி. அதுக்கப்புறம்?”

“உன் சித்தி கதவைச் சாத்திடுச்சு.”

“சாத்துச்சு. ரெண்டு தடவை. மூணாவது தடவை திறந்துச்சே! நான் பக்கத்துலதான் நின்னேன். ‘உள்ள வந்து உட்காருங்க அத்தான்’னு சொல்லுச்சு. நீங்க செருப்பைக்கூடக் கழட்டலை. ‘பரவால்ல, பஸ் போயிடும்’னீங்க. நான் எட்டாவது பாஸ் பண்ணப்ப வந்தீங்க, பஸ் போயிடும்னீங்க. என் கல்யாணத்துல சாப்பிட உட்கார்ந்து பாதியில எழுந்திரிச்சீங்க. ஆஸ்பத்திரியில என் பையன் பொறந்தப்போ, ஜன்னல் வழியாப் பார்த்துட்டு, நர்ஸ்கிட்டப் பழத்தைக் கொடுத்துட்டுப் போயிட்டீங்க. நர்ஸ் வந்து, யாரோ ஒரு பெரியவர் கொடுத்தார்னு சொன்னா. யாரோ ஒரு பெரியவர்!”

கொடிக்காரர் வாயைத் திறந்தார். நீ என்னைக் கண்டு முகம் சுளிப்பாய் என்று பயந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் உள்ளே வந்து உட்கார்ந்தால் யார் எப்போது அந்தத் தந்தியை எடுப்பார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டும். எல்லாம் உண்மைதான். ஆனால் அவளுக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க அவருக்கே கூசியது.

“மலையில உங்களை வேற யாரோ விட்டுட்டாங்க. அது பெரிய பாவம்தான்” என்றாள் மகள். புத்தகத்தை மூடி, கணக்குப் பலகைக்கு மேலே ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். “இது இங்கேயே இருக்கட்டும். பையன்கிட்டக் காட்டுறேன். தாத்தா மலைன்னா சந்தோஷப்படுவான்.”

தண்ணீர் குடிக்கப் போன பெண் திரும்பி வந்து, “அக்கா, ஆபரேஷன் வார்டு வண்டி வந்தாச்சு” என்று கத்தினாள். உருளை மறுபடி ஓடத் தொடங்கியது. முதல் விரிப்பு வெளியே வந்தது. மகள் ஒரு நுனியைப் பிடித்தாள். கொடிக்காரர் மறுநுனியைப் பிடித்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னிக்கு பஸ் எத்தனை மணிக்கு?”

“அஞ்சே முக்காலுக்கு” என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மகள் தலையாட்டினாள். அதில் கோபம் எதுவும் இல்லை, கடைக்காரனிடம் விலை கேட்டு அதுவே விலை என்று தெரிந்துகொண்டவள் போலத்தான் ஆட்டினாள்.

“அப்ப இப்பவே கிளம்புனாத்தான் சரியா இருக்கும். வெளியில ஆட்டோ நிக்கும்.”

அந்தப் பெண் வந்து, “குடுங்க பெரியவரே” என்று அவர் கையிலிருந்த நுனியை வாங்கிக்கொண்டாள். இரண்டு பெண்களும் இழுத்து, மடித்து, நடுவே வந்து, விலகினார்கள். கதவருகே போய் அவர் திரும்பிப் பார்த்தார். நீராவியில் மகளின் முதுகு மட்டும் தெரிந்தது.

பேருந்து நிலையத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது மணி நாலரைகூட ஆகவில்லை. பஸ் இன்னும் வந்து நிற்கவே இல்லை. நேரப் பலகையில் அவர் ஊருக்கு ஏழு மணிக்கு ஒன்று போட்டிருந்தது, எட்டரைக்கு ஒன்று, அதற்குப் பிறகும் ஒன்று. அவர் காலி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார்.